கரம்பை போன கண்மாய்: செட்டிநாட்டுக் கிராமம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2022 தை மாத முதல் வாரத்தில் எங்கள் ஊர்க் கண்மாயின் மடையடியில் நின்றுகொண்டிருந்தேன். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடைப்பட்ட சின்ன ஊர். வயலில் நெல் பால் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு தண்ணீர் கொடுத்தால் அறுத்துவிடலாம். ஆனால் மடைக்கல்லின் அடிப்பாகம் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. மடைக்கு அப்பால் இரண்டு அடி ஆழத்தில் தண்ணீர் பளபளவென்று தெரிந்தது. வாசலைவிட அது தாழ்ந்து கிடந்ததால் ஒரு சொட்டுகூட வயலுக்கு ஏறாது.

மழையைக் குறை சொல்ல வழியில்லை. 2021 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதும் கொட்டித் தீர்த்தது. கார்த்திகையில் எங்கள் கலிங்கு, அதாவது மிகைநீர் வெளியேறும் வாய், ஒன்பது நாள் வழிந்தது. அப்படி வழிந்த ஆண்டுகளில் மாசிக் கடைசிவரை கண்மாயில் தண்ணீர் கிடக்கும். அது தையிலேயே மடையை விட்டு இறங்கிவிட்டது என்றால் இடையில் ஏதோ நடந்திருக்கிறது. நடந்தது ஒன்றே ஒன்றுதான். முந்தைய சித்திரையில் கண்மாயைத் தூர்வாரினோம்.

அந்த வேலையை வேண்டுமென்று கேட்டவர்களில் நானும் ஒருவன். பாலிடெக்னிக்கில் சிவில் படித்து, இருபது ஆண்டுகள் வெளியூர்க் கட்டட வேலைகளில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். கண்மாய்த் தண்ணீரில் பயிர் செய்யும் ஆயக்கட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்ட மனுவை எழுதியதும் நான்தான். அதனால் இந்த ஆய்வில் வரும் தவறுகளில் எனக்கும் பங்கு உண்டு.

கண்மாயும் வேலையும்

ஆயக்கட்டு 72 ஏக்கர். 40 ஹெக்டேருக்குக் குறைவானதால் இது ஊராட்சி ஒன்றியத்துக் கண்மாய். அதற்கு மேற்பட்டவை பொதுப்பணித் துறையிடம் இருந்து, இப்போது நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. முழுக்க நிறைந்தால் தண்ணீர் பரவும் இடம் 40 ஏக்கர். நீர் வந்து சேரும் மேட்டு நிலம் சுமார் 2 சதுர கிலோமீட்டர். ஒரு மடை, ஒரு கலிங்கு, ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான கரை.

செட்டிநாட்டு மண்ணைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மேலே செம்மண், அதன் கீழே சரளை, அதற்கும் கீழே செம்புறாங்கல். ஊரணிகளுக்குப் படிக்கட்டு கட்டியது அந்தக் கல்லை வெட்டித்தான். ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மி.மீ. மழை பெய்கிறது. அதில் ஏறத்தாழ பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வந்துவிடும். பெய்ததைப் பிடித்து வைக்காவிட்டால் இந்த மண் தாங்காது, குடித்துவிடும். ஊருக்கு ஊர் கண்மாயும் ஊரணியும் ஏன் இத்தனை என்றால் காரணம் இதுதான்.

தூர்வாரும் எஸ்டிமேட் இரண்டு பக்கம். 6 ஏக்கர் பரப்பில் சீராக 60 செ.மீ. ஆழம் மண் எடுப்பது, அந்த மண்ணைக் கரையில் போட்டு உயர்த்துவது, சீமைக் கருவேலத்தை வேரோடு அகற்றுவது. கன அளவு சுமார் 14,500 கன மீட்டர். ஜேசிபி வந்தது, இருபத்தைந்து நாளில் வேலை முடிந்தது. அளந்து பார்த்தேன். ஆழம், பரப்பு, கரையின் மேலகலம் எல்லாம் எஸ்டிமேட்டில் உள்ளபடியே இருந்தன. யாரும் திருடவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கண்மாய் வேலை கெட்டது என்றாலே நம் ஊரில் கமிஷன் பேச்சுதான் முதலில் எழும். இங்கே சொன்னபடி செய்த வேலைதான் கண்மாயைக் கெடுத்தது.

ஒரு அடையாளம் அன்றே தெரிந்தது. வயலுக்கு வண்டல் அடிக்க எங்கள் ஆட்கள் டிராக்டரோடு காத்திருந்தார்கள். அரசு விதிப்படி நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டரும் புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டரும் இலவசமாக எடுக்கலாம். ஒரு ஏக்கரில் 75 கன மீட்டரைப் பரப்பினால் கனம் இரண்டு செ.மீ.கூட வராது. ஆனாலும் செம்மண் வயலுக்கு அந்த இரண்டு செ.மீ. கரம்பை, அதாவது கண்மாயடியில் படிந்த களி வண்டல், பெரிய பாக்கியம். முதல் வாரம் டிராக்டர்கள் வரிசையில் நின்றன. இரண்டாம் வாரம் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. ‘கரம்பையா இது? சரளையால்ல வருது’ என்று முனகினார்கள். கரம்பை தீர்ந்து சரளை வருகிறது என்றால் கண்மாயின் அடித்தளத்தை உடைத்துவிட்டோம் என்று பொருள். பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த எனக்கு அது உறைக்கவில்லை.

நீர்ப்பாய்ச்சி சொன்னதும் நாங்கள் அளந்ததும்

மடையடியில் நின்ற அன்று எங்கள் ஊர் நீர்ப்பாய்ச்சி பெரியவரும் பக்கத்தில் இருந்தார். அவருடைய அப்பாவும் இதே மடையைத் திறந்து மூடியவர்தான். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

‘அப்பு, கரம்பைங்கிறது கண்மாய்க்குத் தோலு மாதிரி. தோல உரிச்சுட்டா ரத்தம் நிக்குமா?’

‘அப்பவே சொல்லியிருக்கலாமே ஐயா.’

‘யாரு கேட்டா? எஸ்டிமேட்டுல என் பேரு எங்க இருக்கு?’

அந்தக் கேள்வியை வைத்துத்தான் பிறகு நாங்கள் எல்லா வேலையையும் தொடங்கினோம்.

முதலில் மடையை இறுக அடைத்தோம். அதற்குப் பக்கத்தில் செ.மீ. குறித்த ஒரு மூங்கிலை நட்டு, பதினைந்து நாள் காலை ஆறு மணிக்கு அளவு எடுத்தோம். மழை இல்லை, வெளியே தண்ணீர் போகவில்லை. நாளொன்றுக்குச் சராசரியாக 18 மி.மீ. இறங்கியது. தை மாத வெயிலில் ஆவியாகிப் போவது நாளுக்கு 5 மி.மீ. என்று தாராளமாக வைத்தாலும், மீதி 13 மி.மீ. மண்ணுக்குள் போகிறது. நிறைந்த நிலையில் 40 ஏக்கர் பரப்புக்கு இதைக் கணக்கிட்டால் ஒரு நாளைக்கு 2,000 கன மீட்டருக்கு மேல் வருகிறது. ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஐந்து செ.மீ. தண்ணீர் கட்ட 200 கன மீட்டர் போதும். அதாவது கண்மாய் நிறைந்திருந்த நாள்களில், தினமும் பத்து ஏக்கருக்குப் பாய வேண்டிய தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது.

பங்குனியில் கண்மாய் வற்றியதும் வெட்டிய 6 ஏக்கரில் ஆறு சோதனைக் குழிகள் தோண்டினோம். மண்வெட்டி, கடப்பாரை, அரை நாள் வேலை, அவ்வளவுதான். மடைப்பக்கத்து இரண்டு குழிகளில் மூன்று அடிக்கு மேல் நல்ல களி. மற்ற நான்கில் கையகலக் கரம்பைகூட இல்லை, வெறும் சரளை. கண்மாயின் வண்டல் எங்கும் ஒரே கனத்தில் படிவதில்லை. மடையை ஒட்டிய பள்ளத்தில் மிகுதியாகவும், மேட்டிலிருந்து மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் நுழையும் உள்வாய்ப் பக்கம் குறைவாகவும் படியும். அதன் மேல் ‘சீராக 60 செ.மீ.’ என்று ஒரே கோட்டைப் போட்டதால், களி மிகுந்த இடத்தில் மேல்தோல் மட்டும் சீவப்பட்டது, களி குறைந்த இடத்தில் மொத்தத் தோலும் போனது. திறந்துவிட்ட சரளையின் பரப்பு மூன்றரை ஏக்கர்.

இன்னும் இரண்டு குறைகள் குழி தோண்டும்போதே தெரிந்தன. வெட்டிய இடத்தின் மட்டம் மடைவாசலுக்குக் கீழே போய்விட்டது. அங்கே நிற்கும் தண்ணீர் ஆடுமாடு குடிக்கும், மீன் வளரும், நிலத்தடியில் இறங்கும், ஆனால் வயலுக்கு வராது. எஸ்டிமேட்டில் ‘கூடுதல் கொள்ளளவு’ என்று எழுதியிருந்ததில் பாதிக்கு மேல் இந்த வகை. அடுத்தது கரை. கரை உயர்த்த வேண்டிய மண்ணைக் கரையின் உள்ளடியிலிருந்து ஐந்து மீட்டருக்குள்ளேயே ஒரு பகுதியில் எடுத்திருந்தார்கள். காலடியில் பள்ளம் பறித்துவிட்டுத் தலையில் பாரம் ஏற்றியதுபோல் ஆனது. கார்த்திகை மழையில் அந்த இடத்தில் முப்பது அடி நீளத்துக்குக் கரை உள்பக்கமாகச் சரிந்தது. மணல் மூட்டை போட்டு விடிய விடியக் காத்தோம்.

ஒரு எதிர்வாதத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ‘கசிந்தால் என்ன, நிலத்தடி நீர்தானே ஏறுகிறது? காரைக்குடிக்குப் பெயர் வாங்கித் தந்த சம்பை ஊற்றெல்லாம் இப்படி மண்ணுக்குள் இறங்கிய மழைதானே?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கசிவுநீர்க் குட்டை என்று வேறொரு வேலையே இருக்கிறது, அதைக் கசிவதற்காகவே அமைப்பார்கள். ஆனால் 72 ஏக்கர் நெல்லை நம்பியிருக்கும் கண்மாயை, யாரையும் கேட்காமல், யாருக்கும் தெரியாமல் கசிவுநீர்க் குட்டையாக மாற்றிவிடக் கூடாது. எதற்காக இந்த வேலை என்பதைத் தாளில் முதல் வரியாக எழுதியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

கிடையும் களியும்

சரிசெய்யப் பணம் இல்லை. ஒரு முறை வேலை நடந்த கண்மாய்க்கு உடனே மறுபடியும் நிதி வராது என்று சொல்லிவிட்டார்கள். மடைப்பக்கத்துப் பள்ளத்தில் மிஞ்சியிருந்த களியை எடுத்துச் சரளையில் பரப்புவது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. டிராக்டர் வைத்திருப்பவர்கள் டீசல் காசுக்கு வந்தார்கள். கோடை மழை இரண்டு பெய்ததும் ஈரக் களியை ஒரு சாண் கனத்துக்கு விரித்தோம். ஆனால் விரித்தால் மட்டும் போதாது, இறுக்க வேண்டும். ரோடு ரோலருக்கு வாடகை கேட்டுத் திரும்பிவிட்டோம்.

வழி சொன்னது மறுபடியும் பெரியவர்தான். அந்த நேரம் பக்கத்துத் தரிசில் ஒரு கீதாரி, ஆட்டு மந்தைக்காரர், கிடை போட்டிருந்தார், முந்நூறு செம்மறிக்கு மேல் இருக்கும். பத்து நாள் அந்த மந்தையைக் களியின் மேல் ஓட்டி ஓட்டித் திருப்பினோம். ஆட்டின் குளம்பு சின்னது. அதன் பாரம் முழுவதும் அந்தச் சின்ன இடத்தில் இறங்குவதால் களி அடியிலிருந்து மேலாக இறுகிக்கொண்டு வரும். அணைக்கரை கட்டுமிடங்களில் உருட்டும் முள்ளுருளைக்கு ஆங்கிலத்தில் ஆட்டுக்கால் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது கல்லூரியில் படித்தபோது வெறும் பெயராக இருந்தது. கண் முன்னால் பார்த்தபோதுதான் அதன் காரணம் விளங்கியது.

மூன்றரை ஏக்கரில் இரண்டு ஏக்கரைத்தான் மூட முடிந்தது. 2023 தையில் அதே மூங்கிலை நட்டு மறுபடி அளந்தோம். அந்த ஆண்டு கண்மாய் முக்கால் அளவுதான் நிறைந்தது. இறக்கம் நாளுக்கு 12 மி.மீ. முழு வெற்றி இல்லை. ஆனாலும் கடைசித் தண்ணீர் 40 ஏக்கருக்குக் கிடைத்தது, மீதிப் பேர் கிணற்றை நம்பிக் கரையேறினார்கள்.

வரத்துக்காலை மறித்த வரப்புகள்

தண்ணீர் ஏன் முக்கால்தான் வந்தது என்று மேட்டுப் பக்கம் நடந்து பார்த்தோம். நீர்பிடிப்பில் பாதிக்கு மேல் தைலமரக் காடு. மரங்களுக்கு இடையே நீளநீளமாகக் குழி வெட்டி, எடுத்த மண்ணை வரப்பாகப் போட்டிருந்தார்கள். பெய்த மழை காட்டுக்குள்ளேயே நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்யும் மண் பாதுகாப்பு வேலை அது. அதற்கும் ஒரு நெறிமுறை உண்டு, அதன்படிதான் வெட்டியிருக்கிறார்கள். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து விவசாயிகள் பல ஆண்டுகளாகப் புலம்பிவரும் விஷயம் இது.

இந்த நிகழ்வில் என்னை மிகவும் வருத்தியது இந்த இடம்தான். மேலே ஒரு அலுவலகம் மண்ணையும் நீரையும் பாதுகாக்கிறது. கீழே இன்னொரு அலுவலகம் மண்ணையும் நீரையும் பாதுகாக்கிறது. இருவர் தாளிலும் தவறில்லை. மேட்டில் ஒரு சொட்டையும் விடாமல் பிடிப்பது மலைச்சரிவுக்கு நல்லதாக இருக்கலாம். பல நூற்றாண்டுகளாகக் கண்மாயை நம்பி வயல் அமைந்த நாட்டில், அதே வேலை கீழே இருப்பவனின் கழுத்தை நெரிக்கிறது. வரத்துக்கால் போகும் வழியில் வரப்பு வரக்கூடாது என்ற ஒரே ஒரு வரி அந்த நெறிமுறையில் இருந்திருந்தால் போதும். காட்டுக்காரர்களிடம் பேசி இரண்டு இடத்தில் மட்டும் வரப்பை உடைக்க அனுமதி வாங்கினோம். அதற்கு ஏழு மாதம் ஆனது.

விலை மாறுகிறது, முறை மாறுவதில்லை

எஸ்டிமேட்டை எடுத்து மறுபடி மறுபடி படித்தேன். அதில் ஒன்று கவனத்தில் பட்டது. ஒரு கன மீட்டர் மண் வெட்ட என்ன கூலி, ஜேசிபி மணிக்கு என்ன வாடகை என்பதெல்லாம் அந்த ஆண்டு விலைப்பட்டியல்படி இருந்தது. அரசு அந்தப் பட்டியலை ஆண்டுதோறும் திருத்துகிறது. நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாட்டுத் திட்டத்திலும் அப்படித்தான். 2008 பொது வழிகாட்டுதலில் சமவெளிக்கு ஹெக்டேருக்கு 12,000 ரூபாய் என்றிருந்தது, 2021இல் வந்த புதிய வழிகாட்டுதலில் 22,000 ஆனது. பணத்தைத் திருத்துவதற்கு ஒழுங்கான ஏற்பாடு இருக்கிறது. ஆனால் ‘சீராக 60 செ.மீ.’ என்ற வரியைத் திருத்துவது யார், எப்போது, யாரைக் கேட்டு? ஒன்றிய அலுவலகத்தில் விசாரித்தேன். ‘இது எப்பவும் போடுற மாடல்தாண்ணே’ என்றார் ஓவர்சியர் பெண். மறைக்கவில்லை, உள்ளதைச் சொன்னார். முன்னால் இருந்தவர் போட்ட தாளைத் தேதி மாற்றி இவர் போடுகிறார்.

கலிங்கின் கணக்கைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தமிழ்நாட்டில் கண்மாய்க்கு எவ்வளவு வெள்ளம் வரும் என்று கணிக்கப் பொறியாளர்கள் எடுப்பது ரைவ்ஸ் சூத்திரம். 1884இல் சென்னை மாகாணத்துக்காக வந்தது. நீர்பிடிப்புப் பரப்பை எடுத்து, அதன் மூன்றில் இரண்டு அடுக்கை ஒரு கெழுவால் பெருக்க வேண்டும். கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் இருந்தால் கெழு 6.8. எங்கள் ஊர் அதற்குள் வருகிறது. 2 சதுர கிலோமீட்டருக்கு விநாடிக்கு ஏறத்தாழ 10.8 கன மீட்டர் என்று விடை வரும். கவனித்துப் பாருங்கள், இந்தக் கணக்கில் மழை என்ற சொல்லே இல்லை. ஒரு மணி நேரத்தில் எத்தனை மி.மீ. கொட்டுகிறது என்பது இதில் எங்கும் நுழையவில்லை. மேடு முழுக்கப் புல்வெளியா, தைலமரக் காடா, பிளாட் போட்ட மனையா என்பதும் நுழையவில்லை. கண்மாய்க்கு ஆண்டு வரத்தைக் கணிக்க எடுக்கும் ஸ்ட்ரேஞ்ச் அட்டவணையும் 1892இல் பம்பாய் மாகாணத்து நீர்பிடிப்புகளை வைத்து உருவானது. மழைமானிகூட அரிதாக இருந்த காலத்தில் இவ்வளவு செய்தார்களே என்று அந்தப் பொறியாளர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்களே இன்று இருந்தால் கெழுவைத் திருத்தாமல் விட்டிருக்க மாட்டார்கள்.

வேறு நாட்டில் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்று தேடியபோது அமெரிக்க வேளாண் துறையின் இயற்கை வளப் பாதுகாப்புப் பணியகம் கண்ணில் பட்டது, சுருக்கமாக என்.ஆர்.சி.எஸ். 1930களில் அங்கே புழுதிப் புயல் அடித்து மேல்மண் பறந்துபோன காலத்தில், 1935இல் மண் பாதுகாப்புப் பணியகமாகத் தொடங்கியது. 1994இல் இப்போதைய பெயர் வந்தது. நில, நீர்ப் பாதுகாப்பு வேலைகள் 150க்கும் மேற்பட்டவற்றுக்கு அவர்களிடம் எண் போட்ட நெறிமுறைகள் இருக்கின்றன. குட்டைக்கு எண் 378. மூடுபயிருக்கு 340. உர மேலாண்மைக்கு 590. குட்டையின் அடியில் களிமண்ணை இறுக்கிக் கசிவை அடைப்பதற்குத் தனியாக 520 என்று ஒன்று. எங்கள் கீதாரியின் ஆடுகள் செய்த வேலைக்கு அங்கே ஒரு எண்ணே இருக்கிறது.

எண்ணைவிட அந்தத் தாள்களின் அமைப்புதான் என்னை உட்கார வைத்தது. முதலில் வேலை என்ன என்ற விளக்கம், அடுத்து எதற்காக என்ற நோக்கம், அதற்கடுத்து எந்த நிலத்துக்குப் பொருந்தும் என்ற நிபந்தனை. இதெல்லாம் வந்த பிறகுதான் அளவு. அளவுக்கும் பிறகு, சேர்த்து யோசிக்க வேண்டியவை, கடைசியாகப் பராமரிப்பு. எங்கள் எஸ்டிமேட் அளவில் தொடங்கி அளவிலேயே முடிகிறது. நோக்கமும் நிபந்தனையும் முதல் பக்கத்தில் இருந்திருந்தால், 60 செ.மீ. எழுதும் முன் கையில் கடப்பாரையை எடுத்திருப்போம்.

திருத்தும் முறையும் எழுத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நெறிமுறையையும் ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது மறுபடி பார்க்க வேண்டும். 2018 வேளாண் சட்டம் எல்லா நெறிமுறைகளையும் மறுஆய்வு செய்யச் சொன்னது. அடுத்த ஆண்டு, நடப்பில் உள்ளவை பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டார்கள். திருத்த வரைவுகளை அரசிதழில் போட்டு, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று நாள் குறிக்கிறார்கள். தேசிய அளவில் ஒன்று வந்தாலும் மாநிலங்கள் தம் மண்ணுக்கேற்ப அதை மாற்றிக்கொள்ளலாம், இறுக்கலாம், தளர்த்த மட்டும் கூடாது. புதிய வேலை ஒன்றைச் சோதித்துப் பார்க்கத் தற்காலிக நெறிமுறை வெளியிடவும் வழி வைத்திருக்கிறார்கள்.

அதை அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அங்கே பெரும்பாலும் தனியார் பண்ணை, விவசாயி தானாக விரும்பிச் சேர்வது. இங்கே கண்மாய் பொதுச்சொத்து, 72 ஏக்கரில் எண்பது குடும்பம். எண் போட்ட தாள் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவுமில்லை. ஆனால் ஐந்தாண்டுக்கு ஒரு முறை பார்ப்பது நமக்கு அந்நியமான பழக்கம் அல்ல. இந்தியத் தர நிர்ணய அமைவனம் தன் தரங்களை ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது மறுஆய்வு செய்யும் விதி வைத்திருக்கிறது. சிமெண்டுக்கும் கம்பிக்கும் நாம் காட்டும் அக்கறையைக் கண்மாயின் அடித்தளத்துக்கும் காட்டலாம்.

ஊரும் சேர்ந்து வேலை பார்ப்பது என்பதும் நமக்குப் புதிதல்ல. குடிமராமத்து என்பது ஆங்கிலேயர் 1858இல் சட்டம் போட்டுக் கட்டாயமாக்குவதற்கு முன்பே இருந்த வழக்கம். 2017இல் தமிழ்நாடு அரசு அந்தப் பெயரை மீட்டு, முதல் கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 நீர்நிலைகளில் வேலையைத் தொடங்கியது. பெயர் திரும்பி வந்தது நல்லதுதான். அந்தப் பழைய வழக்கத்தில் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரம்பை எடுத்து வயலில் போட்டார்கள். மண்வெட்டி பிடித்தவனுக்குச் சரளை தட்டியதும் தெரியும், நிறுத்திவிடுவான். ஜேசிபி ஓட்டுபவர் வெளியூர்க்காரர், அவருக்கு அது தெரிய வழியில்லை. கருவி மாறியபோது அதற்கேற்ற எச்சரிக்கையும் தாளில் ஏறியிருக்க வேண்டும்.

நாங்கள் எழுதிக் கொடுத்தது

மார்ச் 22 தண்ணீர் தினத்தை ஒட்டிய கிராம சபையில் இந்த அளவுகளையெல்லாம் வைத்துத் தீர்மானம் போட்டோம். ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. தண்ணீரின் பெயரால் நடக்கும் இந்த ஒன்றையாவது, முந்தைய ஆண்டு நீர்நிலை வேலைகள் எப்படி நிற்கின்றன என்று பார்க்கும் நாளாக வைக்கலாம் என்பது எங்கள் முதல் கோரிக்கை. தூர்வாருமுன் ஏக்கருக்கு ஒரு சோதனைக் குழி தோண்டி, களியின் கனத்தைக் குறித்து, சரளைக்கு மேல் குறைந்தது ஒரு அடி களியை விட்டுத்தான் வெட்ட வேண்டும். ஆழத்தை மடைவாசல் மட்டத்தோடு ஒப்பிட்டு எழுத வேண்டும், வயலுக்கு வரும் கொள்ளளவு வேறு, வராதது வேறு என்று பிரித்துக் காட்ட வேண்டும். கரையின் காலடியிலிருந்து மண் எடுக்கக் கூடாத தூரத்தைக் களத்தில் கல் நட்டுக் காட்ட வேண்டும். மேட்டில் எந்தத் துறை குழி வெட்டினாலும் கீழுள்ள கண்மாயின் ஆயக்கட்டுக்காரர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். நீர்ப்பாய்ச்சியின் கையெழுத்து இல்லாமல் எஸ்டிமேட் போகக் கூடாது. இந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது எங்கள் ஊர்ப் பெண்கள்.

செட்டிநாட்டிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பக்கத்திலேயே வேளாண்மைக் கல்லூரியும் வந்துவிட்டது. இதே செம்மண், இதே சரளை. எந்தக் கனத்துக் களி எத்தனை மி.மீ. கசிவைத் தடுக்கும், பண்ணைக் குட்டைக்கு எந்த இடத்தில் பூச்சு வேண்டும், எந்த இடத்தில் வேண்டாம் என்பதை மாணவர்களை வைத்தே அளந்துவிடலாம். அந்த அளவுகளை ஒன்றிய அலுவலகத்துக்குக் கொண்டுவர ஒரு பாதை போட்டால் போதும் என்றும் எழுதினோம். பண்ணைக் குட்டையைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் 30 மீட்டருக்கு 30 மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம் என்று ஒரே அளவில் நான்கு குட்டை வெட்டப்பட்டது. கரை ஓரத்தைச் சாய்வாக எடுத்தால் கொள்ளளவு 1,150 கன மீட்டர் அளவில் வரும், ஐந்து ஏக்கருக்கு, காயும் பயிரைக் காப்பாற்றும் ஒரு உயிர்த் தண்ணீர். களி நிலத்தில் வெட்டிய ஒன்று மட்டும் மாசிவரை நிற்கிறது. மற்ற மூன்றும் மழை நின்ற பதினைந்தாம் நாள் வெறும் பள்ளம்.

தீர்மானத்துக்குப் பதில் வர எட்டு மாதம் ஆனது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு வரி. மனம் சோர்ந்துதான் போனது. பிறகு பக்கத்து ஊர்க் கண்மாய்க்குத் தூர்வாரும் வேலை வந்தது. எஸ்டிமேட் போடும் முன் ஓவர்சியர் அம்மா என்னை அழைத்தார். ‘அண்ணே, உங்க ஊர்ல குழி தோண்டினீங்களே, அந்தப் பெரியவரையும் கூட்டிக்கிட்டு வர முடியுமா?’

போனோம். ஐந்து குழி. பெரியவர் ஒவ்வொரு குழியிலும் இறங்கி, மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். திரி மாதிரி உருண்டால் களி, உதிர்ந்தால் சரளை. அவர் சொல்லச் சொல்ல அந்த அம்மா நோட்டில் குறித்துக்கொண்டார். மூன்றாவது குழியில் அவர் கையை உயர்த்தினார், ‘இங்க அரை அடிக்கு மேல தொடாதீங்க.’

அந்த எஸ்டிமேட்டை நான் பார்த்தேன். அச்சடித்த மாடலில் ‘சீராக 60 செ.மீ.’ என்ற வரி பேனாவால் அடிக்கப்பட்டு, ஐந்து இடத்துக்கும் ஐந்து ஆழம் எழுதப்பட்டிருந்தது. ஓரத்தில் ஓவர்சியர் அம்மாவின் கையெழுத்து, அதன் கீழே பெரியவரின் பெருவிரல் ரேகை.